ஹெலன் வெட்டின கொடி ரோஜா

வாங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க. ஹெலன் வீட்டைப் பாக்கத்தானே வந்தீங்க? சாவி என்கிட்டதான் இருக்கு. ஆனா இந்த மழையில போய்ப் பாத்தீங்கன்னா வீடு பிடிக்காது. குன்னூர் மழை அப்படி, நல்ல வீட்டையும் அழுமூஞ்சியாக் காட்டும். ஏப்ரல் மழைதானே, அரை மணியில விட்டுடும். அதுவரைக்கும் டீ குடிங்க. வர்க்கியை முக்கிச் சாப்பிடுங்க, இல்லேன்னா புடவை பூரா உதிரும்.

வீடு நல்ல வீடு. அதுல நான் குறை சொல்ல மாட்டேன். மூணு ரூம், தண்ணிக்குப் பஞ்சமில்ல, சாயங்கால வெயில் முன்னறையில அடிக்கும். வீட்டுக்காரியைப் பத்திக் கேட்டீங்கன்னாத்தான் நான் வாயைத் தொறக்கணும். நீங்க கேக்கல. ஆனா நாளைக்குக் குடி வந்தப்புறம், 'பக்கத்துல இருந்துக்கிட்டு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லலியே'ன்னு நீங்க நினைக்கக் கூடாது பாருங்க. அதுக்காகச் சொல்றேன்.

என் பேரு பங்கஜவல்லி. முப்பத்தோரு வருஷம் நர்ஸு. பங்கஜம் சிஸ்டர்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுலயே வழி காட்டுவாங்க. எத்தனையோ பேருக்கு ஊசி போட்டிருக்கேன், கை நடுங்கினது கிடையாது. ஆனா என் பையனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப ஊசியை எடுத்துக்கிட்டு நின்னேன், நின்னேன், முடியல. வேற சிஸ்டர்தான் வந்து போட்டா. பெத்தவளுக்குக் கை வராதும்மா. செடியும் அதேதான். தான் வெச்ச செடியைத் தானே வெட்ட மனசு வராது. மேலாப்புல ரெண்டு நுனியைக் கிள்ளிட்டு 'கவாத்து பண்ணியாச்சு'ன்னு உள்ள வந்துடுவோம். மே மாசம் பாத்தா ஒட்டடைக் கம்பு மாதிரி ஒசந்து, உச்சியில ஒரே ஒரு பூ நிக்கும்.

ஹெலன் இங்க வந்த மொத வருஷம், பொங்கல் கழிஞ்சு ஒரு சனிக்கிழமை, அவ தோட்டத்துல கத்திரியோட நின்னுக்கிட்டு இருக்கா. நான் துணி காயப் போட்டுட்டு வர்றேன், நிக்கிறா. சமையல் முடிச்சுட்டு வர்றேன், அப்பவும் அதே செடிகிட்ட நிக்கிறா. 'ஏண்டி, ரோஜாவுக்குத் தலை வாரி விடுறியா?'ன்னேன். சிரிச்சுட்டா. 'முடியலக்கா, பாவமா இருக்கு'ன்னா. 'குடு இப்படி'ன்னு வாங்கி நானே வெட்டிக் குடுத்தேன். அடுத்த வாரம் அவ வந்து என் செடியை வெட்டினா. அப்படி ஆரம்பிச்சதுதான். பதினெட்டு வருஷம். என் செடிக்கு அவ கை, அவ செடிக்கு என் கை.

அதுக்கு ஒரு சட்டமும் வெச்சிருந்தோம். வெட்டும்போது வீட்டுக்காரி வெளிய வரக் கூடாது. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்கணும். 'ஐயோ, அந்தக் கொம்பை விட்டுடு'ன்னு ஒரு குரல் வந்தாப் போதும், வெட்டுறவ கை தளந்துடும். எல்லாம் முடிஞ்சப்புறம் ஜன்னல்ல தட்டினாத்தான் கதவைத் தொறக்கணும். உறைபனி நின்னப்புறம் வர்ற மொத சனிக்கிழமை அவ தோட்டம், அடுத்த சனிக்கிழமை என் தோட்டம். ஆஸ்பத்திரிப் பழக்கம், ஒவ்வொரு செடிக்கும் கத்திரியை ஸ்பிரிட்ல துடைச்சுத்தான் நான் வெட்டுவேன். அவளுக்கும் அதைச் சொல்லிக் குடுத்தது நான்தான். டேலியாக் கிழங்கைத் தோண்டி மணல்ல போட்டு வெக்கிறது, ப்ளம்ஸ் மரத்துக்கு இலை கொட்டினப்புறம் நடுவுல காத்து போற மாதிரி கொம்பு எடுக்குறது, எல்லாம் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். சொந்தத் தங்கச்சிக்குக்கூட அவ்வளவு பொறுமையாச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவ வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில இருந்தார். வந்த ரெண்டாம் வருஷமே நெஞ்சு வலியில போயிட்டார். அன்னிலேர்ந்து இந்த வேலிக்கு நடுவுல ஒரு ஆள் நுழையற சந்து உண்டு, நாங்களே பிரிச்சு வெச்சது. காலையில அவ வருவா, சாயங்காலம் நான் போவேன். யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் அவகிட்ட சொல்லியிருக்கேன். இதை ஏன் சொல்றேன்னா, எதிராளி ஏமாத்தினா அது அடி. கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ ஏமாத்தினா அதுக்கு மருந்து கிடையாது.

மே மாசம் இங்க வீட்டுத் தோட்டப் போட்டி நடக்கும். நடுவருங்க மூணு பேர் வீடு வீடா வந்து பாப்பாங்க. என் வாசல் கேட்டுக்கு மேல வளைவா ஒரு கொடி ரோஜா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது வெச்சது, ரத்தச் சிவப்பு. மே மாசம் கேட்டே தெரியாது, பூதான் தெரியும். நடுவருங்க கேட்டு வாசல்லயே நின்னுடுவாங்க, உள்ள வர்றதுக்குள்ள மார்க்குப் போட்டுடுவாங்க. நாலு வருஷம் தொடர்ந்து கப்பு எனக்குத்தான். ஒவ்வொரு செடி பக்கத்துலயும் பேர் எழுதின அட்டை வெக்கணும். ஹெலன் டைப்பிஸ்ட்டா இருந்தவ, எல்லா அட்டையையும் அவதான் அழகா அடிச்சுக் குடுப்பா. அஞ்சாவது வருஷமும் ஜெயிச்சா கப்பு திருப்பித் தர வேண்டாம், வீட்டோட வெச்சுக்கலாம். அதுதான் கணக்கு. எங்க வீட்டுக்காரர் வெச்ச கொடிக்குக் கிடைச்சதுன்னு சொல்லி அவர் போட்டோ பக்கத்துல வெக்கணும்னு எனக்கு ஆசை. தப்பா?

ஹெலன் போட்டிக்குப் பேர் குடுத்ததே இல்ல. நானும் சொல்லுவேன், 'உன் தோட்டம் இன்னும் அந்த அளவுக்கு வரலடி, பொறு'ன்னு. உண்மையைத்தான் சொன்னேன். அவ சுவர் ஓரமா பன்னெண்டு ஹைட்ராஞ்சியாப் புதர் இருக்கு, பழைய வீட்டுக்காரங்க வெச்சது. பந்து பந்தா நீலமாப் பூக்குமே, அது. ஆனா அவகிட்ட பூக்கவே பூக்காது. ஒவ்வொரு மே மாசமும் கேப்பா, 'ஏன்க்கா இது மட்டும் பூக்கவே மாட்டேங்குது?' நான் 'உன் மண்ணு சரியில்லடி'ம்பேன். பாவம், வீட்டு டீ சக்கையெல்லாம் சேத்து வெச்சுக் கொண்டு போய்க் கொட்டுவா. நானும் என் வீட்டுச் சக்கையைக் குடுத்தனுப்புவேன்.

இருங்க, ஜன்னலைச் சாத்திடறேன். சாரல் உங்க மேல அடிக்குது.

கப்புக்கு அஞ்சாவது வருஷம். மொத சனிக்கிழமை நான் அவ தோட்டத்துக்குப் போறேன். கதவைச் சாத்துறதுக்கு முன்னாடி நின்னு, 'அக்கா, ரோஜாவை வெட்டுங்க, ஹைட்ராஞ்சியாவை மட்டும் இந்த வருஷம் விட்டுடுங்க'ங்கிறா. 'ஏண்டி?'ன்னேன். 'சும்மாதான். ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாம்'னா. அவ சொன்ன விதமே எனக்குப் பிடிக்கல. ஆனாலும் சொன்ன சொல்லை மீறுற பழக்கம் எனக்குக் கிடையாது. ஓரமா ரெண்டு புதரை மட்டும் லேசா ஒழுங்கு பண்ணிட்டு, மத்ததை விட்டுட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவ வந்தா. நான் சட்டப்படி கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு, மூணு மணி நேரம் ஆச்சு. புகை வாசனை வருது. சருகைத்தான் எரிக்கிறாளாக்கும்னு இருந்தேன். ஜன்னல்ல தட்டினா. கதவைத் தொறந்து வெளிய வந்து பாக்கறேன், கேட்டுக்கு மேல வெறும் கம்பி வளைவுதான் இருக்கு. கொடி இல்ல. அடியில கை அளவுக்கு ஒரு கட்டை, அதுல மருந்தா மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசி வெச்சிருக்கா. பதினாலு அடிக் கொடிம்மா. படியிலயே உக்காந்துட்டேன்.

'கொம்பெல்லாம் கறுத்துக்கிட்டே இறங்கியிருக்குக்கா. அடி வரைக்கும் வந்துடுச்சு. விட்டிருந்தா செடியே போயிருக்கும். உங்களால வெட்ட முடியாதுன்னுதான் நானே வெட்டினேன்'னா. சரி, எங்க காட்டு, கறுத்த கொம்பை நான் பாக்கணும்னேன். 'எரிச்சுட்டேன்க்கா. நோய் மத்த செடிக்குப் பரவும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க'ங்கிறா. பாத்தீங்களா சாமர்த்தியத்தை. சாட்சியை எரிச்சுட்டு, எரிக்கச் சொன்னதும் நான்தான்னுட்டா. முப்பத்தோரு வருஷம் நர்ஸா இருந்தவளுக்கு அழுகினது எது, நல்லது எதுன்னு தெரியாதா? நுனியில கொஞ்சம் கறுப்பு இருந்துச்சு, இல்லேங்கல. டிசம்பர்லயே நானும் பாத்தேன். மே முடியட்டும், கப்பு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருந்தேன். என் செடி, என் இஷ்டம். அதுக்காக இவ அடியோட வெட்டுவாளா?

அப்பவும் நான் சண்டை போடல. மனசைக் கல்லாக்கிக்கிட்டு 'சரி போ'ன்னுட்டேன். மே மாசம் வந்துச்சு. நடுவருங்க வந்தாங்க. வெறும் கம்பியைப் பாத்துட்டு, 'என்ன சிஸ்டர், கொடி எங்க?'ன்னு கேட்டாங்க. மத்த செடியெல்லாம் காட்டினேன், தலையை ஆட்டினாங்க. வெளிய போனவங்க ஜீப்பில ஏறுவாங்கன்னு பாத்தா, ஹெலன் வீட்டுக் கேட்டைத் தொறக்கிறாங்க. அவ பேர் குடுத்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. எனக்கு அட்டை அடிச்சுக் குடுத்த அதே மிஷின்ல தனக்கும் அடிச்சு வெச்சிருக்கா.

நான் வேலிச் சந்து வழியாப் பாத்தேன். அந்தச் சுவர் பூரா நீலம். பந்து பந்தா, இலையே தெரியாம. நடுவரம்மா ஒருத்தங்க அதுகிட்டயே நின்னுட்டாங்க. என் கேட்டுல நிக்க வேண்டியவங்க.

கப்பு அவளுக்கு.

இதைக் கேட்டா யார் என்ன சொல்லுவாங்க, நீங்களே சொல்லுங்க. என் கொடியை அடியோட வெட்டினவ யாரு? ஹெலன். என் முதுகுக்குப் பின்னால பேர் குடுத்தவ யாரு? ஹெலன். ஜெயிச்சவ யாரு? சாயங்காலம் கப்பைத் தூக்கிக்கிட்டுச் சந்து வழியா வர்றா, 'அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்கும்தான், உங்க வீட்டுலயே இருக்கட்டும்'னு. பிச்சை போடுறா எனக்கு. 'நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியேடி'ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு அந்தச் சந்துல முள்கம்பி கட்டினேன். யார் யார் கேட்டாங்களோ எல்லார்கிட்டயும் சொன்னேன். மறைக்க எனக்கென்ன இருக்கு? காய்கறிக்காரன்லேர்ந்து கோயில் குருக்கள் வரைக்கும் தெரியும். அவ தெருவுல நடந்தா ஜனம் ஒரு மாதிரி பாக்குற அளவுக்கு ஆச்சு. நான் பாக்கச் சொல்லல. உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

என்னம்மா கேட்டீங்க? ஹைட்ராஞ்சியா அந்த வருஷம் மட்டும் எப்படிப் பூத்துச்சுன்னா?

நீங்க செடி வளத்ததில்லபோல. ரோஜா புதுக் கொம்புல பூக்கும், வெட்ட வெட்டப் பூக்கும். ஹைட்ராஞ்சியா அப்படி இல்ல. போன வருஷத்துக் கொம்புலதான் மொட்டு ஒளிஞ்சிருக்கும். ஜனவரியில கொம்பை வெட்டினா மொட்டும் சேந்து போயிடும். அந்த வருஷம் பூ கிடையாது.

ஆமா, நான்தான் வெட்டிக்கிட்டு இருந்தேன். ரோஜாவை வெட்டும்போது அதையும் முழங்கால் ஒசரத்துக்கு வெட்டிடுவேன். மொத ரெண்டு வருஷம் எனக்குத் தெரியாது, சாமி சத்தியமா. அப்புறம் ஆஸ்பத்திரித் தோட்டக்காரர் ஒருநாள் பேச்சுவாக்குல சொன்னார். தெரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள பழகிப் போச்சு. தோட்டம் பாக்கச் சுத்தமா இருந்துச்சு. அவளும் 'ஏன் பூக்கல'ன்னு கேட்டாளே தவிர, 'நீங்க வெட்டுறதாலயா'ன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்படிப் பாக்காதீங்கம்மா. சொல்லாம இருந்தது பொய்யில சேராது. அவ மண்ணும் சுமார்தான்.

செப்டம்பர்ல ரெண்டாவது பூ சீசன் வந்துச்சு. அந்தக் கட்டையிலேர்ந்து மூணு கொம்பு கிளம்பியிருக்கு. ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது, விரல் தடிமன், பச்சைப் பசேல்னு. வளைவுல பாதி ஏறி, நுனியில கொத்துக் கொத்தாப் பூ. எங்க வீட்டுக்காரர் இருந்தப்பகூட அந்தச் சிவப்பு வந்ததில்ல. என் மண்ணு அப்படி. பாத்தவங்க 'நல்லவேளை அடியோட வெட்டினீங்க சிஸ்டர்'னாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் அவ நின்னு பூவைப் பாக்குறது தெரிஞ்சுது. நான் நிமிந்தே பாக்கல. ஊர் பூராச் சொல்லியாச்சு, இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?

அடுத்த ஜனவரி. உறைபனி நின்னு ரெண்டாவது சனிக்கிழமை, என் தோட்டத்துக்கு முறை. காலையில கேட்டுல சத்தம். அவ கத்திரியோட நிக்கிறா. சந்துல முள்கம்பி இருக்குல்ல, அதான் தெரு வழியா சுத்தி வந்திருக்கா. கூப்பிடல, தட்டல, நிக்கிறா. நான் திரைக்குப் பின்னால நின்னேன். அவ போனாப் போதும்னு இருந்துச்சு, போயிடுவாளேன்னும் இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டா. அந்த வருஷம் என் செடியை நானேதான் வெட்டினேன். முழம் வெட்ட வேண்டிய இடத்துல சாண் வெட்டினேன். வெளிய போகும்போது பாருங்க, எப்படி ஒசந்து கிடக்குன்னு.

மார்ச்ல அவ மகன் ஓசூருக்கு வந்துடுன்னு கூப்பிட்டான். சாமான் ஏத்தின வண்டி நிக்கும்போது இங்க வந்தா, சாவியோட. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த இடத்துலதான் நின்னா. உக்காரச் சொல்லல நான். 'எதுக்கு என்கிட்டத் தர்ற?'ன்னேன். 'வேற யார்கிட்டக்கா தருவேன்'னா. வாங்கி வெச்சேன். போறவ வாசப்படியில திரும்பி நின்னா.

'அக்கா, அது பழைய கொம்புலதான் பூக்கும்னு, நீங்க வெட்டின கடைசி ஏழு வருஷமும் எனக்குத் தெரியும்.'

நான் கேட்டேன், 'பின்ன ஏண்டி சொல்லல?'

'நீங்களா நிறுத்துவீங்கன்னு பாத்தேன்க்கா.'

அவ்வளவுதான். கோபமாக்கூடச் சொல்லல. வண்டியில ஏறிப் போயிட்டா.

இப்பச் சொல்லுங்க, எது துரோகம்? ஏழு வருஷம் தெரிஞ்சுக்கிட்டே என் கையில கத்திரியைக் குடுத்துட்டு உள்ள போய்க் கதவைச் சாத்தியிருக்கா. வெட்டி முடிச்சுட்டு நான் ஜன்னல்ல தட்டினா, இஞ்சி டீயோட சிரிச்சுக்கிட்டு வருவா. மே மாசமானா என் மூஞ்சியைப் பாத்து 'ஏன்க்கா பூக்கல?'ன்னு கேப்பா. தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்காம்மா. அது கேள்வியில்ல, எனக்கு வெச்ச பரீட்சை. ஏழு தடவையும் நான் 'மண்ணு சரியில்ல'ன்னேன். ஏழு தடவையும் தலையை ஆட்டிட்டுப் போய் டீ சக்கையைக் கொட்டினா. ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம். 'ஏண்டி பங்கஜம், உனக்கு வெக்கமா இல்லையா'ன்னு கேட்டிருக்கலாம். அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். தனியா நிக்க விட்டுப் பாத்திருக்கா பாருங்க, அதை என்னால தாங்க முடியல. ரெண்டு வருஷமாச்சு, இன்னும் தாங்க முடியல.

மழை விட்டுடுச்சு. வாங்க, சாவி எடுத்துக்கறேன். பாத்து நடங்க, படியில பாசி.

வீடு உங்களுக்குப் பிடிக்கும். எடுத்துக்குங்க. ரோஜாவை ஜனவரியில ஆளை வெச்சு வெட்டிக்குங்க, நான் வர மாட்டேன், அந்தக் கையெல்லாம் போச்சு. சுவர் ஓரம் பாருங்க, அதுதான் ஹைட்ராஞ்சியா. மொட்டு வெச்சிருக்கு, இப்பப் பச்சையா இருக்கு, இன்னும் மூணு வாரத்துல நீலமாகும். ஹெலன்கிட்டப் போன்ல பேசுவீங்கல்ல? பூத்ததும் ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அவளாக் கேட்டா, ரெண்டு வருஷமா யாரும் வெட்டலைன்னு மட்டும் சொல்லுங்க.